பெரிய விரிப்பின் மூலை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் உள்ளே வாருங்கள், என் குரல் முன்போல அத்தனை தூரம் எட்டாது. கைவேலை இருந்தால் கையிலேயே இருக்கட்டும், காதை மட்டும் என்னிடம் கொடுத்தால் போதும். இன்றைக்கு ஒரு துணியின் கதை சொல்லப்போகிறேன். நாட்டை ஆண்டவர்கள் எல்லாரும் அதன் மேல் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். அதைத் துவைத்தவர்கள் ஒரே ஒரு நாள் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். அந்த ஒரு நாளைச் சொல்லத்தான் இத்தனை கதையும்.

விடியலுக்கு முன்பே சலவைக்கூடத்தில் புகை கிளம்பிவிடும். நாட்டை ஆள்கிறவர் குடியிருக்கும் மாளிகைக்குப் பின்னால், பெரிய மதிலுக்கு இந்தப் பக்கம், கரி படிந்த செங்கல் கட்டடம். உள்ளே அண்டாக்கள் கொதிக்கும். நீளத் துடுப்பால் துணியைப் புரட்டுகிற பெண்களின் முகம் ஆவியில் தெரியாது. இருமலை வைத்துத்தான் இன்னார் என்று கண்டுகொள்ள வேண்டும். சோடாக்காரம் நகக்கண்ணுக்குள் ஏறி எரியும். தண்ணீர் குடித்த விரிப்பு, தூங்கிப்போன குழந்தை மாதிரி, தன் கனம் முழுவதையும் தூக்குகிறவள் மேலேயே போட்டுவிடும். அதை இரண்டு பேர் சுமந்துபோய் உருளையில் கொடுப்பார்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு இரும்பு உருளைகள். இந்தப் பக்கம் ஈரத் துணி நுழைந்தால், தண்ணீர் கீழே கொட்ட, அந்தப் பக்கம் துணி தட்டையாக வெளியே வரும். உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பலகை இருந்தது. அதன் கீழ் துணி போகும், கை போகாது. அந்தப் பலகையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உருளையில் நிற்பவளைக் குருவி என்று கூப்பிடுவார்கள். ஒல்லி உடம்பு, ஓயாத வாய். பாட்டு இல்லாவிட்டால் பேச்சு, பேச்சு இல்லாவிட்டால் வம்பு. வயசான மாமியாருக்கும் ஒரு பெண் குழந்தைக்கும் அவள் சம்பாத்தியம்தான் சோறு, அவள் வேலையால் கிடைத்த லைன் வீடுதான் கூரை. கூடத்துக்குப் பின்னால் வரிசையாக இருந்த அந்த ஒற்றை அறை வீடுகளில்தான் எல்லாரும் குடியிருந்தார்கள்.

ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பவள் ஊசியக்கா. கிழிசல் தைப்பதும், மாளிகைத் துணி ஒவ்வொன்றின் மூலையிலும் அந்த வீட்டுக்காரரின் அடையாளத்தை நூலால் போடுவதும் அவள் வேலை. அடையாளம் இல்லாத துணி கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. ஆள்கிறவர் மாறினால் துணி மாறாது. அவ்வளவு நல்ல துணியை யார் தூக்கி எறிவார்கள்? பழைய நூலைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் புதிதாகத் தைப்பாள். அப்படி அவள் கைக்கு அடிக்கடி வருவது, விருந்து மேசைக்குப் போடுகிற பெரிய விரிப்பு. கூடத்து முற்றத்தில் விரித்தால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போகும்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன் மூலையில் நீல நூலில் கிரீடம் இருந்தது. பரம்பரைக் குடும்பங்கள் தங்களுக்குள்ளேயே கைமாற்றி ஆண்ட காலம் அது. ஒரு நாள் காலையில் மதிலுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மத்தியானமே உத்தரவு வந்தது: கிரீடத்தைப் பிரி, கறுப்பு நூலில் வாள் தை. உடுப்புக்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எல்லாத் துணியிலும் கஞ்சி வேண்டும். உள்ளே ஆள் இல்லாவிட்டாலும் சட்டை நிற்க வேண்டும். அவர்களுக்குப் பிறகு சாம்பல் நிற நூல், வெறும் எழுத்துகள். கம்பெனிகளிலிருந்து வந்த படித்தவர்கள், மெதுவாகப் பேசுகிறவர்கள். யாரையும் அதட்டமாட்டார்கள். அதட்டாமலே கூடத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இத்தனை மாற்றத்திலும் அசையாமல் இருந்தவர் கூடத்து மேற்பார்வையாளர். அவருக்கு மீசை மட்டும்தான் மாறும். கிரீடக்காரர் காலத்தில் முறுக்கு மீசை, வாள்காரர் காலத்தில் வெட்டு மீசை, சாம்பல் நூல் வந்ததும் மழுமழுவென்று சவரம். "ஊர்ல என்ன நடக்குதுன்னு பேப்பர் எதுக்கு? நம்ம ஐயா மூஞ்சியப் பாத்தா போதும்" என்பார் அடுப்புக்காரர். அவர் ஊசியக்காவின் புருஷன்; அண்டாக்களுக்குத் தீ போடுகிறவர்.

இன்னொன்றையும் ஊசியக்கா கவனித்திருந்தாள். கிரீடக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வாள்காரர் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது, அவள் கொண்டுவந்த பெட்டியிலிருந்த படுக்கை விரிப்புகளில் அதே நீலக் கிரீடம். பிறகு அவள் மகள் சாம்பல் நூல்காரர் வீட்டுக்குப் போனாள், அதே விரிப்புகளோடு.

"போயிட்டாங்க போயிட்டாங்கன்னு கொட்டு அடிச்சாங்களே அக்கா, பெட்டியோட திரும்பி வந்திருக்காங்க பாரு!" என்று குருவி சிரிப்பாள்.

சிரித்தாலும், ஒரு நாள் மதிலுக்கு அந்தப் பக்கம் தங்கள் ஆள் போவான் என்று அவர்கள் எல்லாருமே நம்பினார்கள். அந்த ஆளுக்கு முகமும் இருந்தது. தம்பி.

தம்பி இந்தக் கூடத்தில் துணி வண்டி தள்ளியவன். உடுப்புக்காரர் காலத்தில் உருளைக்குத் தடுப்பே கிடையாது. விரல் போகாத உருளைக்காரி அன்றைக்கு இல்லை. ஒரு நாள் தம்பி முற்றத்தில் ஒரு தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே ஏறினான். "உருளை துணியத் திங்கட்டும், நம்ம கையத் திங்கக் கூடாது! பலகை வர்ற வரைக்கும் துடுப்பத் தொடாதீங்க!" என்றான். யாரும் தொடவில்லை. மாளிகையில் அழுக்குச் சட்டை மலையாகக் குவிந்தது. கடைசியில் பலகை வந்தது. தம்பி சிறைக்குப் போனான். அடிபட்டுக் கிழிந்த அவன் சட்டையை ஊசியக்காதான் தைத்துக் கொடுத்தனுப்பினாள். கழுத்துப் பட்டையின் உள்பக்கம் சிவப்பு நூலில் ஒரு சின்னப் பெருக்கல் குறி போட்டாள். அதுதான் கூடத்து ஆட்களின் அடையாளம். மாளிகைத் துணி முடிந்த பிறகு மிச்ச வெந்நீரில் துவைக்கிற அவர்கள் துணி எல்லாவற்றிலும் அது இருக்கும்.

வருஷங்கள் போயின. தம்பி சிறையிலிருந்து வந்தான், சட்டசபைக்குப் போனான், சாம்பல் நூல்காரர் வீட்டு மருமகனானான். தேர்தலில் ஜெயித்து மதிலுக்கு அந்தப் பக்கமே குடிபோனான். அன்றைக்கு லைன் வீடுகளில் யாரும் தூங்கவில்லை. மேற்பார்வையாளர் மீசை வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மூன்று நாள் தாடியோடு வந்து நின்றார்.

முதல் விருந்துக்கு மலைபோலத் துணி வந்தது. பலகை இருந்தால் அகலத் துணியை மடித்து மடித்துத்தான் கொடுக்க வேண்டும், நேரம் பிடிக்கும்.

"நம்ம தம்பி வீட்டு முதல் விருந்து, மேசை வெறுமனே கெடக்கலாமா? கழட்டுங்க அண்ணே அந்தப் பலகைய! ஒரு நாளைக்குத்தானே!" என்று கத்தினாள் குருவி.

அடுப்புக்காரர் திருப்புளியோடு வந்தார். யாரும் உத்தரவு போடவில்லை. அவர்களே கழற்றிச் சுவரில் சாய்த்தார்கள். குருவி பாடப் பாட விரிப்புகள் ஆறு மாதிரி உருளைக்குள் ஓடின. ஊசியக்கா பெரிய விரிப்பின் மூலையில் சாம்பல் எழுத்துகளைப் பிரித்தாள். புது அடையாளம் என்னவென்று மாளிகையிலிருந்து யாரும் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டுமா என்ன? சிவப்பு நூலை எடுத்தாள். அந்தச் சின்னப் பெருக்கல் குறியைத் தைத்து, பல்லால் நூலை அறுத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

அன்பில் செய்ததுதான் அளவாகிப் போனது. ஒரு நாளில் அவ்வளவு துணி முடியும் என்று மேற்பார்வையாளர் பார்த்துவிட்டார். மறுநாளும் அதே அளவு வேண்டும் என்றார். அதற்கு மறுநாளும். பலகை சுவரிலேயே சாய்ந்து நின்றது.

மழைக்காலத்தில் ஒரு காலை, குருவியின் பாட்டு பாதியில் நின்றது. அவ்வளவுதான் ஊசியக்காவுக்குக் கேட்டது, பாட்டு நின்றது. பிறகுதான் அலறல். ஈர விரிப்பு விரலைச் சுற்றிக்கொண்டு இழுத்துவிட்டிருந்தது. அடுப்புக்காரர் ஓடிப்போய் உருளையைப் பின்னால் சுற்றுவதற்குள் வலது கை மணிக்கட்டு வரை உள்ளே போய்விட்டது. கையை வெட்டவில்லை, கண்ணுகளா, அந்த மட்டுக்கும் வைத்தியர் நல்லவர். ஆனால் அந்தக் கை இனி எதையும் பிடிக்காது.

அந்த வாரமே மேற்பார்வையாளர் பெரிய விரிப்பைக் கொண்டுவந்து ஊசியக்காவின் மடியில் போட்டார்.

"யாரைக் கேட்டு இந்தச் சிவப்பத் தெச்ச? விருந்தாளி ஒருத்தர் வீட்டம்மாகிட்ட, 'இது என்ன, வேலைக்காரங்க துணியா'ன்னு கேட்டுட்டாராம். அம்மாவுக்கு மானம் போச்சு. பிரிச்சுட்டு தங்க நூல்ல இலை வளையம் போடச் சொல்லியிருக்காங்க."

"தம்பி பாத்தாரா அதை?"

"தம்பியா! தலைவர்னு சொல்லு. பாத்துட்டுத்தான் பேசாம இருந்தாராம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்புறம், அந்தப் பொண்ணு சனிக்கிழமைக்குள்ள வீட்டுச் சாவியக் குடுத்துரணும். வேலைக்கு ஆகாதவங்களுக்கு லைன் வீடு கிடையாது. உனக்குத் தெரியாததா?"

"அவளை வேலைக்கு ஆகாதவளாக்கினது யாருங்க?"

"பலகைய நானா கழட்டினேன்?"

அவர் போன பிறகு ஊசியக்கா விரிப்பின் மூலையைப் பிடித்துச் சிவப்பு நூலைப் பிரிக்கப் போனாள். ஊசியை நுழைத்து லேசாக இழுத்ததும் துணியே கையோடு வந்துவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கிரீடம், வாள், எழுத்து என்று தைத்துத் தைத்துப் பிரித்த இடம் முழுக்கச் சல்லடைக் கண். எத்தனை நல்ல துணி! மூலை மட்டும் செத்துப் போயிருந்தது.

சாயங்காலம் குழாயடியில் எல்லாரும் கூடினார்கள். குருவியும் கைக்கட்டோடு வந்து படியில் உட்கார்ந்தாள்.

"எதுக்கு வம்பு? அவரும் நம்ம ஆளு. ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா செய்ய மாட்டாரா?" என்றாள் அண்டாக்காரி ஒருத்தி.

"சொல்லி அனுப்பி எவ்வளவு நாளாச்சு? வாசல்லயே நிறுத்திட்டாங்க. 'ஐயா கூட்டத்துல இருக்காரு'ங்கறான். நான் கூட்டாளிடான்னா சிரிக்கிறான்" என்றார் அடுப்புக்காரர்.

"வேலைய நிறுத்தினா பழைய ஆளுங்க கைகொட்டிச் சிரிப்பாங்க. 'உங்க ஆளே உங்களுக்கு ஆகலை'ம்பாங்க. அதுக்கு நாமளே எடம் குடுக்கறதா?" என்று கேட்டார், இப்போது துணி வண்டி தள்ளுகிற வண்டிக்காரர். அவர் கேட்டதில் ஞாயம் இல்லாமல் இல்லை.

குருவிதான் வாயைத் திறந்தாள். "பலகையக் கழட்டச் சொன்னது என் வாய்தான். அதனால வீட்ட விட்டு நானே போயிடறேன். நீங்க யாரும் எனக்காக..."

"வாய மூடு" என்றாள் ஊசியக்கா. அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "உன் வாய் சொல்லுச்சு, இவர் கை திருப்புச்சு, நாங்க எல்லாம் நின்னு சிரிச்சோம். நம்ம ஆளு உள்ள போயிட்டான், இனி நமக்குத் தடுப்பு எதுக்குன்னு நெனச்சோம். அந்த நெனப்புதான் உன் கையத் தின்னுச்சு. உள்ள யாரு இருந்தா என்ன, உருளைக்குத் தெரியுமா இது குருவி கைன்னு? சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போறான். சனிக்கிழமை பெரிய விருந்தாம். நான் ஊசியத் தொடப் போறதில்லை."

"நான் தீ போடப் போறதில்லை" என்றார் அவள் புருஷன். "பொண்டாட்டி சொன்னதுக்கு அப்புறம் நான் தீ போட்டா, வீட்ல எனக்குத் தீ வெச்சுருவா."

சிரிப்பு கிளம்பியது. சிரிப்புக்கு நடுவிலேயே அண்டாக்காரி தன் துடுப்பைச் சுவரில் சாய்த்தாள். வண்டிக்காரர் மட்டும் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய், வண்டியின் சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை காலை கூடத்தில் புகை இல்லை. எல்லாரும் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துணி ஏற்ற வந்த லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மேற்பார்வையாளர் முதலில் கெஞ்சினார், பிறகு மிரட்டினார், பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் ஓடினார். வெயில் ஏறின நேரம் கறுப்புக் கார் வந்தது. பின்னால் காவலர் வண்டி.

தம்பி இறங்கினான். சதை போட்டிருந்தான். சட்டையில் இவர்கள் போட்ட கஞ்சிதான் மொடமொடத்தது. பார்த்ததும் பழக்கத்தில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள், ஊசியக்கா எழவில்லை. எழுந்தவர்கள் அவளைப் பார்த்து மெல்ல உட்கார்ந்தார்கள்.

"அக்கா, என்ன இது? எனக்கு எதிரா நீங்களா?" அவன் குரலில் நிஜமான வலி இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தான். மூலையில் கவிழ்ந்து கிடந்த தொட்டியைப் பார்த்ததும் அவனுக்கே தெரியாமல் கால் அங்கே போனது. ஏறி நின்றான். "இப்ப நடக்கறது உங்க ஆட்சி. நம்ம ஆட்சிக்கு எதிரா நாமளே வேலைய நிறுத்தறது, சொந்த வீட்டுக்குக் கல் எறியற மாதிரி. புது மிஷின் வரப்போகுது. எல்லாம் மாறும். எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க. மேல எவ்வளவு சிக்கல்னு உங்களுக்குப் புரியாது."

யாரும் கை தட்டவில்லை. ஊசியக்கா எழுந்து உள்ளே போனாள். சுவரில் சாய்ந்திருந்த பலகையைத் தூக்கிவந்து தொட்டிக்கு முன்னால் வைத்தாள்.

"இது யாரு வாங்கிக் குடுத்தது தம்பி?"

அவன் பலகையிலிருந்து கண்ணை எடுத்தான்.

"நீ. இதே தொட்டி மேல நின்னு. அதுக்கு ஜெயிலுக்கும் போன. அதை நாங்க மறக்கலை. நீ வந்துட்டேங்கற சந்தோஷத்துல நாங்களேதான் இதைக் கழட்டினோம். தப்பு எங்களோடதுதான். ஆனா குருவி கை போனப்புறமும் இதைத் திரும்ப மாட்டச் சொல்லி உன் வீட்லருந்து ஒரு சொல் வரலையே? சிவப்பு நூலப் பிரிக்கச் சொல்லி மட்டும் உடனே வந்துச்சே?"

"அக்கா, அது... வீட்ல அவங்க பழக்கம் வேற. அதைப் பெருசா எடுத்துக்காதீங்க."

"நான் கோவத்துல பேசலை. இதைப் பாரு." பெரிய விரிப்பின் மூலையைத் தூக்கிக் காட்டினாள். ஓட்டை வழியாக வெயில் அவன் முகத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. "ராஜா வீட்டுக்குத் தெச்சேன், உடுப்புக்காரனுக்குத் தெச்சேன், படிச்சவங்களுக்குத் தெச்சேன். ஒவ்வொருத்தரும் போனவனப் பிரிச்சுட்டு அதே எடத்துலதான் தன்னத் தெக்கச் சொன்னாங்க. நீயும் அங்கயே கேக்கற. இனி இந்த மூலையில எந்த நூலும் நிக்காது தம்பி. தங்கமே ஆனாலும்."

"இப்ப என்னதான் வேணும்?"

"பலகைய நாங்க மாட்டறோம். அதுக்கப்புறம் அது கழலக் கூடாது. துணி அளவு பழைய அளவுக்கு வரணும். குருவி அவ வீட்லயே இருக்கணும், அவளால முடிஞ்ச வேலையோட. அதுவரைக்கும் தீ கிடையாது."

மேற்பார்வையாளர் அவன் காதில் ஏதோ சொன்னார். காவலர் வண்டியின் கதவு திறந்தது. தம்பி குருவியின் கைக்கட்டைப் பார்த்தான். அவள் சிரிக்க முயன்றாள். "என்ன அண்ணே, தொட்டி இன்னும் உங்களத் தாங்குதா? கொஞ்சம் பாத்து, அடியில தகரம் தேஞ்சிருக்கு."

"நம்ம ஆட்சின்னியே தம்பி" என்றாள் ஊசியக்கா. "அப்படின்னா எறங்கி வந்து இப்படி எங்க பக்கத்துல உக்காரு. ரொம்ப நேரம் வேண்டாம். ஒரு டீ குடிக்கற நேரம்."

அவன் இறங்கினான். ஒரு அடி எடுத்து வைத்தான், எல்லாரும் பார்த்தார்கள். அவன் பார்வை காருக்குப் போனது, காவலர்களுக்குப் போனது, மதிலுக்கு மேலே தெரிந்த மாளிகை ஜன்னலுக்குப் போனது. "சாயங்காலம் சொல்லி அனுப்பறேன் அக்கா" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டான். கார் போய்விட்டது. காவலர் வண்டி போகவில்லை.

வண்டிக்காரர்தான் முதலில் எழுந்தார். அன்றைக்கு 'நாமளே எடம் குடுக்கறதா' என்று கேட்டாரே, அவர்தான். ஒன்றும் பேசாமல் பலகையைத் தோளில் ஏற்றினார். அடுப்புக்காரர் திருப்புளியோடு பின்னால் போனார். உள்ளே திருகாணி இறுகுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

"கூடத்துச் சொத்துல கை வைக்காதீங்க!" என்று மேற்பார்வையாளர் கத்தினார். "ஏய் பொண்ணே, சாவி எங்க? சனிக்கிழமை ஆச்சு!"

"இடுப்புல இருக்கு ஐயா" என்றாள் குருவி. "அங்கேயே இருக்கட்டும், எடம் நல்லாத்தான் இருக்கு."

ஊசியக்கா பெரிய விரிப்பை உதறி முற்றத்தின் நீளத்துக்கு விரித்தாள். தன் நூல் பெட்டியைத் திறந்து சிவப்பு நூல் முழுவதையும் எடுத்தாள். "மூலை வேண்டாம். ஓரமா, சுத்திலும் தெக்கலாம். அங்கதான் துணி கெட்டியா இருக்கு" என்றாள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. அண்டாக்காரிகள் இந்தப் பக்கம், இஸ்திரிக்காரிகள் அந்தப் பக்கம், ஏதோ விருந்துக்கு உட்கார்ந்தவர்கள் மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். ஊசி கைக்குக் கை போனது. ஒவ்வொருத்தியும் தன் எதிரில் ஒரு பெருக்கல் குறி. சோடாவில் வெந்த விரல்கள் போட்ட தையல், கோணல்மாணல்தான். ஆனால் இழுத்துப் பார்த்தால் அசையவில்லை.

ஊசி குருவியிடம் வந்தது. இடது கையில் வாங்கினாள். துணியைப் பிடிக்கக் கை இல்லை. ஊசியக்கா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, துணியை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தாள்.

"கோணலாப் போகுது அக்கா."

"போகட்டும். இறுக்கிப் போடு."

காவலர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். லாரிக்காரர் இவ்வளவையும் ஸ்டீரிங் மேல் கையை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். துணி ஏற்றாமல் போனால் அவருக்கும் வேலை போகும். பிறகு சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். கதவைத் திறந்து இறங்கி, லாரியை வாசலுக்குக் குறுக்கே அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்குள் வந்தார். "தள்ளி உக்காருங்கம்மா" என்றார். "எனக்குத் தெக்கத் தெரியாது. யாராவது காட்டிக் குடுங்க."

குருவி பாட ஆரம்பித்தாள். அன்றைக்கு உருளையில் பாதியில் நின்ற அதே பாட்டு, நின்ற இடத்திலிருந்து.

சாயங்காலம் மாளிகையிலிருந்து என்ன சொல்லி வந்தது என்று கேட்காதீர்கள், கண்ணுகளா. கதை இங்கே நிற்கும்போது சாயங்காலம் இன்னும் வரவில்லை. சாவி குருவியின் இடுப்பில் இருக்கிறது, விரிப்பின் ஓரத்தில் பாதிதான் சிவப்பு. மிச்சத்துக்கு ஊசி கைமாறிக்கொண்டிருக்கிறது.

இனி எழுந்து உங்கள் வீட்டுக்குப் போங்கள். உங்கள் கூரை உங்களுக்கு நிலைக்கட்டும். உங்கள் பிள்ளைகளின் பத்து விரலும் பத்திரமாக இருக்கட்டும். உங்களுக்கு ஒரு கை ஓய்ந்தால் துணியைப் பிடிக்கப் பக்கத்தில் இரண்டு கை வரட்டும். உங்கள் வீட்டு அடுப்பு எரியட்டும். நீங்கள் வேண்டாம் என்று சொல்லும் நாளில் நீங்கள் தீ போடுகிற ஊரான் அடுப்பு எல்லாம் அணைந்து உங்களுக்காகக் காத்திருக்கட்டும்.